ஆடிட்டுக்குச் சொல்லாத பதில்

என் எஸ்தரக்காவுக்கு,

நாளைக்குக் காலையில் என் பிள்ளை நிவேதா வீட்டுக்கு வருகிறாள். எட்டு மாதம் ஆகிவிட்டது. அவளைக் கூட்டிவர அவளுடைய அப்பா இன்றைக்கே குண்டடத்துக்கு பஸ் ஏறிவிட்டார். வீட்டைக் கூட்டித் துடைத்து, அவளுடைய துணிகளை வெயிலில் போட்டு எடுத்து, இட்லிக்கு மாவு ஆட்டி, எல்லா வேலையும் மத்தியானத்துக்குள் முடிந்துபோனது. இனிச் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தீபாவளி வந்தால் நீ போய் ஒரு வருஷம். உனக்கு எழுதினாலும் இந்தக் கடிதத்தை மற்றவர்கள்தான் படிக்கப் போகிறார்கள். படிக்கட்டும், ஒளித்தே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நாம் இரண்டு பேரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நீ ஓவர்லாக் மெஷினில் டெய்லர். உன் பின்னால் இருந்த டேபிளில் நான் செக்கிங். நீ தைத்ததில் குற்றம் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது என் பிழைப்பு.

எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு வயது மூத்தவர்களையும் வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவோம். வந்த புதிதில், "ஏனுங்க்கா, இங்க தையல் விட்டிருக்குதுங்க" என்று பீஸை நீட்டினேன். நீ மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். "ஏளா, என்னய எதுக்கு வாங்க போங்கங்க? நான் என்ன கலெக்டரா? நீன்னு சொல்லு." தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சை நான் நேரில் கேட்டது அன்றுதான். சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டைக்காரி நான்தான் என்பது உனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பேன். சூப்பர்வைசர் முகம் கொஞ்சம் கோணினால் போதும், நெஞ்சிலிருந்து காதுவரை சூடு ஏறும். பிறகு நான் செய்வதையெல்லாம் நானே பார்த்துக்கொண்டிருப்பேன், நிறுத்தத்தான் வராது. பீஸ் கட்டைத் தூக்கி எறிவேன். எறிய ஆள் இல்லாதபோது என் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வேன். முட்டினால் உள்ளே இருக்கிற வலி கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் வெட்கம் வரும். வெட்கத்தைத் தாங்க முடியாமல் மறுபடி கோபம் வரும்.

நீ மெஷினை விட்டு எழுந்து ஓடி வருவாய். குழாயடிக்கு இழுத்துப் போவாய். "அவளுக்குத் தலச்சுத்து சார், நான் பாத்துக்கிடுதேன்" என்று சூப்பர்வைசரிடம் கூசாமல் பொய் சொல்வாய். டீ வாங்கிக் கொடுத்து, அரைமணி நேரம் என் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உன் மெஷின் நின்றதற்கு யார் திட்டு வாங்கினார்கள்? நீதான். ஒரு நாளாவது என்னிடம் சலித்துக்கொண்டாயா?

பொய் சொல்வதில் உன்னை அடித்துக்கொள்ள நம் கம்பெனியில் ஆள் கிடையாது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து ஆடிட் வருகிறது என்றால் பூட்டிக் கிடந்த வாசலெல்லாம் திறக்கும், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வந்து உட்காரும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லைனுக்குப் பாடம் எடுப்பது உன் பொறுப்பு. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறோம், யாரும் திட்டுவதில்லை, ஒரு குறையும் இல்லை. "சிரிச்ச மொகமாச் சொல்லுங்களா. மொகத்த உம்முனு வச்சிக்கிட்டு கொறையே இல்லன்னா எவன் நம்புவான்?" என்பாய். நாங்களும் சிரித்த முகமாகச் சொல்வோம். ஆடிட்டர் போனதும் வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனாய். பதினோராம் நாள் உன் தம்பி போன் செய்தான். செக்கிங் டேபிளில் நின்றபடியே கேட்டேன். அன்றைக்கு நான் கத்தவில்லை, எதையும் எறியவில்லை. யார் ஓடி வரப்போகிறார்கள்?

பொங்கல் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். அன்றைக்குக் காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை. உன் மெஷினில் புதிதாக ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் போனில் பேசினார். அவர் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்பது உனக்குத் தெரியும். வர நேரமாகும் என்றார், அவ்வளவுதான். எல்லோரும் என்னை விட்டுப் போகிறவர்கள்தான் என்று ஒரு நினைப்பு வந்தது. தட்டை எறிந்தேன். பிறகு சுவருக்குப் போனேன். நிவேதாவுக்கு ஏழு வயது. பிள்ளை அழவில்லை, பக்கத்து வீட்டுக்கு ஓடவில்லை. ஓடி வந்து, சுவருக்கும் என் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

நான் உடனே நிறுத்தவில்லை, அக்கா. இந்த வரியை எழுதாமல் தாண்டிவிடத்தான் பார்த்தேன். இரண்டு விரல் வீங்கிவிட்டது. ஒரு நகம் கறுத்து, பிறகு விழுந்தது.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவே இல்லை. பிள்ளையின் துணிமணிகளை ஒரு பையில் அடைத்தார். "நீ நல்லாகு சாந்தா. மூணு மாசம் ஒரு வம்பும் இல்லீனா நானே கூட்டியாரேன்" என்றார். குண்டடத்தில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது. நான் நங்கையா என்று கூப்பிடுவேனே, அவர்கள்தான். அங்கே கொண்டுபோய் விட்டு, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்.

நம் கம்பெனிக்கு வாரம் இரண்டு நாள் வரும் நர்ஸம்மா என் நெற்றி வீக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோயமுத்தூருக்கு ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தார். அங்கேதான் பத்மா மேடத்தைப் பார்த்தேன். அவர் தரும் வைத்தியத்துக்கு டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்று பெயர். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சனிக்கிழமை பாதி நாள் லீவு போட்டுப் போவேன். முதலில் மேடத்திடம் தனியாகப் பேச்சு. பிறகு என்னைப் போல ஐந்தாறு பேர் சேர்ந்து வகுப்பு.

"செலபேருக்கு மனசோட தோலு மெல்லிசாப் பொறந்துருதுங்க" என்றார் மேடம். "மத்தவங்களுக்குத் தொட்டாப்பல இருக்கறது உங்களுக்குச் சுட்டாப்பல இருக்கும். அது உங்க தப்பில்லீங்க. ஆனா அத வெச்சுட்டு எப்படிப் பொழைக்கறதுன்னு நீங்கதான் கத்துக்கோணும்."

நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே என்னை ஏற்றுக்கொள்கிறாராம். நான் மாறியும் ஆக வேண்டுமாம். "அதெப்படிங்க ரெண்டும் ஆகும்? ஒண்ணுக்கொண்ணு எதுருங்களே" என்று மடக்கினேன். "எதுருதானுங்க. ரெண்டும் நெசமுங்க. ஒண்ணத் தூக்கி வீசாம ரெண்டையும் கையில வெச்சிருக்கப் பழகறதுதான் இந்த வைத்தியமே" என்றார். நன்றாகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஒரு அட்டை கொடுத்திருந்தார். தினமும் எவ்வளவு கோபம், எவ்வளவு துக்கம், தலையை முட்டிக்கொள்ளத் தோன்றியதா, முட்டினேனா, எல்லாவற்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரைக்கும் நம்பர் போட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த சனிக்கிழமை அவிநாசி தாண்டும்போது பையிலிருந்து அட்டையை எடுத்து, ஏழு நாளுக்கும் மொத்தமாகப் பூஜ்யம் போட்டேன். மேடத்திடம் சிரித்த முகமாக நீட்டினேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே கோணல். ஏனுங்க சாந்தாமணி, இது யாருக்காக எழுதுனதுங்க?"

"ஆடிட்டுக்கு இப்படித்தானுங்க எழுதுவோம்" என்று வாயில் வந்துவிட்டது.

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நான் பையர் இல்லீங்க. இங்க எந்தச் சரக்கும் ரிஜெக்ட் ஆகாது. அஞ்சுன்னா அஞ்சுன்னு போடுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாரம் மூன்று நாள் ஐந்து, அக்கா.

அடுத்தது அதைவிடக் கஷ்டம். நிவேதாவின் கை நசுங்கிய நாளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு கண்ணியாகப் பிரிக்கச் சொன்னார். பனியனில் ஓட்டை இருந்தால் நாம் செய்வோமே, ஊசி குத்தியதா, துணி நெய்யும்போதே விழுந்ததா என்று தேடிப் பின்னால் போவோமே, அதே வேலைதான். சாப்பிடாதது, உன் மெஷினில் புதிய பெண், போன், அந்த நினைப்பு என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு கம்பெனியில் நடந்ததைக் கேட்டார். நீ செய்ததையெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

"செரிங்க. கத்தி, எறிஞ்சு, முட்டிக்கிட்டதும் உங்களுக்கு என்ன கெடச்சுதுங்க?"

"ஒண்ணும் கெடைக்கலீங்க. தலதான் வீங்குச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். "அக்கா கெடச்சாங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நான் நன்றாக இருந்த நாளில் நீ உன் மெஷினில் இருந்தாய். எரிந்த நாளில் என் பக்கத்தில் இருந்தாய். எரிந்தால் அக்கா வருவாள் என்று என் உடம்பு படித்துக்கொண்டது. நீ என் தலைச்சுற்றுக்குச் சொன்ன பொய்யால் நான் ஒருநாளும் சூப்பர்வைசர் முன்னால் நின்று பதில் சொல்லவில்லை, உடைத்ததை ஒட்டவில்லை. ஆறு வருஷமும் நான் கற்றுக்கொள்ள வேண்டியதை நீயே செய்துவிட்டுப் போய்விட்டாய்.

மேடத்தின் மேல் எனக்கு வந்த கோபம்! "செத்தவங்களக் குத்தஞ் சொல்றீங்களா?" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அந்த வாரம் முழுக்க இருந்த கோபம் மேடத்தின் மேல் இல்லை, உன் மேல்தான் என்பது தெரிய எனக்கு ஆறு நாள் பிடித்தது. ஆமாம் அக்கா, எனக்கு உன் மேல் கோபம். நீ என்னைக் காப்பாற்றினாய். நீ என்னைக் கெடுத்தாய். இரண்டில் ஒன்றை எறிந்துவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. அப்போதுதான் மேடம் முதல் நாள் சொன்னது புரிந்தது. அவரே போன் செய்து, "வாங்க சாந்தாமணி, கோவத்தோடவே வாங்க" என்றார். போனேன்.

பிறகு படித்தேன், அக்கா, பள்ளிக்கூடத்தில்கூட அப்படிப் படித்ததில்லை. சூடு ஏறும்போது முதலில் அப்படியே நின்றுவிட வேண்டும், கையைக் காலை அசைக்கக் கூடாது. ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்க வேண்டும், உடம்பு தணிந்த பிறகுதான் புத்தி வேலை செய்யும். 'அவ வேணும்னே பண்றா' என்று முடிவு கட்டாமல், கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிப் பார்க்க வேண்டும். கோபம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பார். ஒருநாள் பாதி முடியும், ஒருநாள் முடியவே முடியாது. சித்திரையில் ஒரு சாயங்காலம், ஒரு லாட் பனியன் முழுக்கத் திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி வீட்டுக்கு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. இரண்டு தடவை முட்டிவிட்டேன். மூன்றாவதுக்கு முன்னால் நின்று, ஐஸ் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அட்டையில் ஐந்து போட்டேன். மேடத்திடம் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

வைகாசியில், பள்ளிக்கூடம் திறக்க இருந்தபோது, இரண்டு பேரும் குண்டடம் போனோம். பிள்ளைக்கு ஒரு புதுப் பை வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நங்கையா சோறு போட்டார்கள். நிவேதா எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு, கன்னம் உப்பி, கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை.

"பிள்ள இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கறா" என்றார்கள் நங்கையா. "இங்க அவ கைய யாரும் நசுக்கறதில்ல பாரு."

எனக்குக் காதுவரை ஏறிவிட்டது. சோற்றுத் தட்டு கையில் இருந்தது. அந்தத் தட்டு எந்தச் சுவரில் போய் விழும் என்று என் கண் அளவெடுத்துவிட்டது, அக்கா. தட்டைக் கீழே வைத்தேன். "தண்ணி குடிச்சுட்டு வந்தர்றனுங்க" என்று தொட்டிக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கினேன். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, நெசத்தச் சொல்லு சாந்தா. இந்த நாலு மாசத்துல ஒருக்காக்கூடச் செவுத்துல முட்டிக்கலயா?" என்றார்கள் நங்கையா.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆறு வருஷம் நீ சொல்லிக்கொடுத்த பதில். சிரித்த முகமாக 'இல்லீங்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே என் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. கதவுக்குப் பின்னால் அவளுடைய பாவாடை தெரிந்தது. அந்தப் பிள்ளையைப் பொய் சொல்லிக் கூட்டிப்போனால், நாளைக்கு அதே பொய்யை எனக்காக அவள் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாவுக்குத் தலைச்சுற்று என்று சொல்வாள்.

"ஒருக்கா முட்டிக்கிட்டனுங்க நங்கையா. சித்திரையில. ரெண்டு தடவ முட்டிட்டு நிறுத்திட்டனுங்க. அதுக்கப்பறம் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நங்கையா கரண்டியைக் குண்டாவில் போட்டார்கள். "அப்பப் பிள்ள இங்கயே படிக்கட்டும்."

உடம்பு முழுக்க ஐந்து. எழுந்துபோய்ப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடச் சொன்னது. மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டேன். குரலை இறக்கினேன். "செரிங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போலாங்களா?"

நங்கையா ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஊரைக் கூட்டுவேன் என்று காத்திருந்திருப்பார்கள். அப்போது நிவேதா கதவை விட்டு வெளியே வந்தாள். "அன்னிக்கு யாரும்மா நடுவுல கை வெச்சாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் வெக்கல கண்ணு. அம்மாவே நிறுத்திக்கிட்டேன்."

நம்பினாளா இல்லையா தெரியாது. உள்ளே போய்விட்டாள். புதுப் பையை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தோம். பல்லடம் வரும்வரை அழுதேன். பல்லடத்தில் என் வீட்டுக்காரர், "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். இப்போது அட்டையை அவரும் பார்க்கிறார்.

நாலு மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போனேன். ஆடியில் ஒருநாள் நிவேதா பால் சொம்பைத் தட்டிவிட்டாள். நங்கையா கையை ஓங்கிவிட்டு, நான் இருப்பது நினைவு வந்து இறக்கினார்கள். பிறகு மெதுவாக, "ஏஞ் சாந்தா, மொகத்தத் தண்ணிக்குள்ள வெக்கறியே, அது நெசமாலுமே கேக்குதா?" என்றார்கள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு. போன ஞாயிறு அவர்களாகவே, காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் கூட்டிப்போகச் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுக்களையில் போய் அழுதார்கள். அவர்களும் என் பிள்ளையை வளர்த்திருக்கிறார்கள்.

நாளைக்கு வருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. வாரத்தில் இரண்டு நாளாவது இன்னும் நாலு போடுகிறேன். கம்பெனியில் பாதி மெஷின் ஆர்டர் இல்லாமல் உறை போட்டுக் கிடக்கிறது, எல்லோரும் எல்லோர் மேலும் விழுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று படுத்தினால் என்ன ஆகும்? எட்டு மாதக் கோபத்தை அவளும் கொண்டுவருவாளே, அதை நான் தாங்குவேனா?

மத்தியானம் அவளுடைய அப்பா போனிலிருந்து பேசினாள்.

"அம்மா, நா வந்தப்பறம் உனக்குக் கோவம் வருமா?"

"வருங் கண்ணு."

"வந்தா நா என்ன பண்ணோணும்?"

அவள் குரலில் பயமே இல்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்கிறவர்கள் என் வேலை என்ன என்று விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாங் கண்ணு. அது அம்மா பாத்துக்கற வேல. நீ பாட்டுக்கு வெளையாடப் போ."

"நெசமாவா?"

"நெசமா."

பக்கத்து வீட்டுக் கீர்த்தி இன்னும் அந்தச் சிவப்பு சைக்கிள் வைத்திருக்கிறாளா என்று கேட்டாள்.

எஸ்தரக்கா, நீ என்னைத் தாங்கிய ஆறு வருஷத்துக்கும் சேர்த்து உன் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். அந்தக் கோபமும் இன்னும் போகவில்லை. இரண்டோடும் சேர்த்து உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மறுபடி நான் ஐந்து போடுகிற நாள் வரலாம். அன்றைக்கும் என் பிள்ளை உன் வேலைக்கு வரமாட்டாள். அவள் தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பாள்.

உன் கூடப் பிறக்காத தங்கை,
சாந்தாமணி